ஸ்பெஷல் பி.எட்., பார்வைக் குறைபாட்டுப் பிரிவு: படிக்கலாமா?

கேள்வி: ஜூன் 4, 2023

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பெஷல் பி.எட். சேரலாம் என்று ஒரு எண்ணம். விண்ணப்பத்தில் பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு என்று பிரிவு கேட்கிறார்கள். எனக்குப் பார்வைப் பிரிவில்தான் ஆசை. ஆனால் நண்பன் ஒருவன், "இப்ப எல்லாரும் போன்லயே கேட்டுப் படிக்கிறாங்க, பிரெய்ல் செத்துப்போச்சு, ரெண்டு வருஷத்தை வீணாக்காதே" என்கிறான். அவன் சொல்வது சரியா? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜூன் 4, இரவு

உங்கள் நண்பருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நான் இந்தப் பிரிவில்தான் படித்தேன். இப்போது ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான வட்டார வள மையத்தில் வேலை. பிரெய்லைப் பற்றி நாளை மறுநாள் எழுதுகிறேன், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். முதலில் ஏமாறாமல் இருக்கும் வழி.

சாதாரண பி.எட். தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், அதாவது என்.சி.டி.இ.யின் கீழ் வருகிறது. ஸ்பெஷல் பி.எட். இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ.யின் கீழ். 1992-ஆம் ஆண்டுச் சட்டம். படித்து முடித்ததும் அங்கே பதிவு செய்து சி.ஆர்.ஆர். எண், அதாவது மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டு எண், வாங்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் சிறப்பாசிரியராக வேலை பார்த்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் என்றதும் சிரிப்பு வரும். உண்மையான தண்டனை, எண் இல்லாதவரை எந்த நேர்காணலிலும் உள்ளேயே விட மாட்டார்கள். பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும், அதற்குப் பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளி சேர்க்க வேண்டும்.

கல்லூரிக்காரர்கள் "எங்களுக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கு" என்பார்கள். இருக்கும், வேறு ஒரு பிரிவுக்கு இருக்கும். பார்வைப் பிரிவுக்கு, நீங்கள் சேரப்போகிற ஆண்டுக்கு இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. தளத்தில் நீங்களே பாருங்கள். அனுமதி காலாவதியான பிறகும் ஆள் சேர்த்த ஒரு கல்லூரியில் எனக்குத் தெரிந்த பெண் சேர்ந்துவிட்டு, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுக்காக அலைந்தாள். பெயர் வேண்டாம்.

தகுதி, 2023 நிலவரப்படி: ஏதாவது ஒரு பட்டம், 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. கணிதம் என்றால் உங்களை அள்ளிக்கொள்வார்கள். ஏன் என்று பிறகு.

ஜூன் 5

எந்தப் பிரிவு என்பதற்கு. படிக்கும்போதுதான் பிரிவு, வேலைக்கு வந்தால் இல்லை.

பூந்தமல்லி, திருச்சி, தஞ்சாவூர் மாதிரி அரசுப் பார்வையற்றோர் பள்ளியிலோ, பாளையங்கோட்டை மாதிரி பழைய மிஷன் பள்ளியிலோ இடம் கிடைத்தால் நாள் முழுக்க உங்கள் பிரிவு வேலைதான். வட்டார வள மையம் என்றால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளும் உங்கள் தலையில். காலையில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் வீடு, மதியம் ஆட்டிசம் உள்ள பையன், நடுவில் உதவித்தொகைப் படிவம், மருத்துவ முகாமுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்துப்போவது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் ஒரு ஒன்றியத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அவர்களும் ஆளுக்கொரு மூலையில்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் எந்தப் பிரிவு எடுத்தாலும் ஒன்றுதானே" என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். ஒன்று இல்லை. மற்றப் பிரிவுகளில் அடிப்படையை வேலையில் சேர்ந்த பிறகும் ஓரளவுக்குக் கற்றுக்கொள்ளலாம், உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்லித் தருவார்கள். பிரெய்லும் சைகை மொழியும் அப்படி வராது. ஒன்றியத்திலேயே பிரெய்ல் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள். உங்களுக்குத் தடுமாற்றம் என்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு நாதி இல்லை.

ஜூன் 7

சரி, பிரெய்ல்.

விரலால் தொட்டுப் படிக்கும் எழுத்து. ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி. இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. தமிழுக்குப் பாரதி பிரெய்ல், 1951-லிருந்து இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான அமைப்பு. எழுத்துகளை மனப்பாடம் செய்வது பெரிய வேலையே இல்லை. பல கல்லூரிகள் அதோடு நிறுத்திவிட்டுத் தேர்வு வைத்து மதிப்பெண்ணும் போட்டுவிடுகின்றன. அங்கேதான் கோளாறு.

ஸ்லேட் என்ற கட்டம் போட்ட சட்டத்தில் தாளை வைத்து எழுதும்போது பின்பக்கமிருந்து ஸ்டைலஸ் என்ற ஊசியால் குத்துகிறோம், புள்ளி மறுபக்கம் எழும்புகிறது. அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுத வேண்டும். இ என்பது 2-4. திருப்ப மறந்தால் தாளைப் புரட்டும்போது அது 1-5, அதாவது ஏ. ஓ திரும்பினால் ஔ. த திரும்பினால் ஊ. ல திரும்பினால் ள! தமிழ் வாத்தியாருக்கு ஏற்கெனவே இருக்கிற தலைவலி போதாதென்று இது வேறு. எழுதும்போது ஒரு பக்கம், படிக்கும்போது இன்னொரு பக்கம் என்று மூளை தானாக மாறும் வரைக்கும் தினமும் எழுதியே ஆக வேண்டும். வாரத்துக்கு ஒரு பிரெய்ல் வகுப்பு வைத்திருக்கிற கல்லூரியில் அது வரவே வராது. பெர்க்கின்ஸ் பிரெய்லர் என்ற தட்டச்சு மாதிரி கருவியில் இந்தத் திருப்பல் கிடையாது, ஆறு விசை, அழுத்தினால் நேராக மேலே எழும். ஆனால் விலை எக்கச்சக்கம். உங்கள் ஒன்றியத்துப் பிள்ளையின் பையில் ஸ்லேட்டுதான் இருக்கும்.

அப்புறம், அச்சுத் தமிழும் பிரெய்ல் தமிழும் ஓட்டத்தில் வேறு வேறு. அச்சில் புள்ளி மெய்யின் தலைமேல் உட்காருகிறது. பிரெய்லில் புள்ளிக்கான குறி (4) மெய்க்கு முன்னால் வந்துவிடும். "அம்மா" என்றால் அ, புள்ளி, ம, ம, ஆ என்று ஐந்து கட்டம். "கொ" எழுத அச்சில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பிரெய்லில் க, பிறகு ஒ, அவ்வளவுதான். பார்வையற்ற பிள்ளை கொம்பை இடம் மாற்றிப் போடுகிற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பொதுப்பள்ளியில் டீச்சர் "ஒற்றைக் கொம்பு போட்டு எழுது" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை மட்டும் எதுவும் புரியாமல் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் உங்கள் வேலை.

இனி நண்பரின் கேள்வி. போனில் கேட்டுப் படிப்பதை நான் குறை சொல்லவில்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்களில் கணினிக்கான என்.வி.டி.ஏ. இலவசம், டாக்பேக் ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது, பாடப்புத்தகம் முழுவதையும் கேட்டுவிடலாம். ஆனால் காது எழுத்தைக் காட்டாது. கணினிக் குரல் ர-வையும் ற-வையும் எப்படிச் சொல்கிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு மட்டுமே படித்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்த ஒரு பையன் என்னிடம் இருந்தான். வரலாற்றை அப்படியே ஒப்பிப்பான், வாதம் செய்வான், எங்களையெல்லாம் மடக்குவான். ஒரு பத்தி எழுதச் சொன்னால் மூன்று ல-வும் ஒரே ல, சொற்களுக்கு நடுவே இடைவெளி எங்கே விடுவது என்றும் தெரியாது. எழுதிய பழக்கமே இல்லாதவனை, கேட்டுப் படித்தவன் என்று வேண்டுமானால் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 7, மாலை

"பார்வையுள்ள ஆசிரியர்களும் விரலால்தான் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று அடித்துச் சொல்கிறவருக்கு: வேண்டியதில்லை. எங்களில் பெரும்பாலானோர் கண்ணால்தான் படிக்கிறோம், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி தாளைப் பிடித்துக்கொண்டு. இருபக்கமும் அச்சடித்த பிரெய்ல் புத்தகம்தான் எமன், மேடும் பள்ளமும் கலந்து கண் பூத்துப்போகும். பிள்ளையின் விரலுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

கவனிக்க வேண்டியது பிள்ளையின் கையை. இரண்டு கையும் வரியின் மேல் இருக்கிறதா, லேசாக வழுக்கிப் போகிறதா, இல்லை ஒரே எழுத்தில் நின்று மேலும் கீழும் தேய்க்கிறதா. தேய்க்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் வேகம் வராது.

ஜூன் 11

கணிதம் என்றால் அள்ளிக்கொள்வார்கள் என்றேன். காரணம், பத்தாம் வகுப்புக்கு மேல் கணிதம் எடுக்கும் பார்வையற்ற பிள்ளைகள் மிக மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு வராது என்பது பொய். சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இல்லை. ஆபிரகாம் நெமத் பிறவியிலேயே பார்வையற்றவர், டெட்ராய்டில் கணிதப் பேராசிரியராக இருந்தார். அவர் 1952-ல் உருவாக்கிய குறியீட்டைத்தான் இன்றும் கணிதத்துக்குப் பயன்படுத்துகிறோம்.

அந்தக் குறியீட்டில் எண்கள் கட்டத்தின் கீழ்ப்பாதியில் வரும். சாதாரண எழுத்தில் எண் வரும்போது முன்னால் எண்குறி போட்டு மேல்பாதியில் எழுதுவோம். எண்குறி 3-4-5-6. அதுவே தமிழில் ண. இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் இதில் குழம்புவதை நான் அதிகம் பார்த்ததில்லை, பயிற்சி ஆசிரியர்கள்தான் குழம்புகிறார்கள்.

டெய்லர் பலகை என்று ஒன்று உண்டு. எண்கோண ஓட்டைகள் வரிசையாக இருக்கும், அதில் உலோக அச்சுகளைச் செருக வேண்டும். எந்தத் திசை பார்த்துச் செருகுகிறோமோ அதுதான் எண். அச்சின் ஒரு முனையில் ஒரு கோடு, மறுமுனையில் இரண்டு முனைப்புகள், எட்டுத் திசை, ஆகப் பதினாறு குறிகள். பழைய ஆசிரியர்களுக்கு இதன்மேல் தனிப் பாசம். எனக்கு அபாகஸ் பிடிக்கும். டிம் கிரான்மர் 1962-ல் செய்த வடிவத்தில் மணிகளுக்குப் பின்னால் கம்பளித் துணி வைத்திருப்பார்கள், விரல் பட்டதும் மணி ஓடிப்போகாது. கூட்டல் கழித்தலுக்கு அபாகஸ், படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டிய இயற்கணிதத்துக்குப் பலகையோ பிரெய்லோ.

வடிவியலுக்குத் தையல்காரர் வைத்திருக்கும் பல்சக்கரம். ரப்பர் ஷீட் மேல் தாளை வைத்து உருட்டினால் பின்பக்கம் புள்ளிக்கோடு எழும்பிவிடும். வரைபடத்துக்குக் கார்க் அட்டை, குண்டூசி, ரப்பர் பேண்ட். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

செலவு இல்லாத, ஆனால் நடக்காத விஷயம் வேறு. கணித ஆசிரியர் கரும்பலகையில் கை வைத்து, "இதை இங்கே கொண்டுவந்து இதோட பெருக்கினா அது வந்துரும், சரியா?" என்பார். நாற்பது பிள்ளைகள் "சரி சார்" என்பார்கள். பார்வையற்ற பிள்ளையும் சேர்ந்து சொல்லும். வீட்டுக்குப் போய் ஒரு டியூஷன் வகுப்பை ரெக்கார்டு செய்து, எத்தனை "இது", எத்தனை "அது" சொல்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள் தம்பி. ஸ்பெஷல் பி.எட்.டின் முதல் பாடத்தை வீட்டிலேயே முடித்த மாதிரி ஆகும்.

ஜூன் 12

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்வார்களாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்வார்கள். அதில் எனக்குச் சண்டை உண்டு.

பல கல்லூரிகளில் இதை ஒருநாள் நிகழ்ச்சி மாதிரி நடத்துகிறார்கள். கண்ணைக் கட்டுவது, வராந்தாவில் முட்டிக்கொள்வது, சாப்பாட்டைச் சிந்துவது, பிறகு வட்டமாக உட்கார்ந்து "பாவம், எவ்வளவு கஷ்டம்" என்று கண்கலங்குவது. 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இப்படிக் கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள் பார்வையற்றவர்களின் திறமையை அப்படிக் கட்டிப் பார்க்காதவர்களைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள் என்று கண்டது. வியப்பில்லை. பார்வை போன முதல் மணி நேரத்தின் பயத்தைத்தான் அவர்கள் அனுபவிக்கிறார்கள். பத்து வருடமாகத் தனியாகப் பஸ் ஏறிப் போகிறவரின் பழக்கம் அதில் எங்கே தெரியப்போகிறது?

காலையில் இவ்வளவு எழுதிவிட்டு யோசித்தேன். மொத்தமாக வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. வெள்ளைக் கோல் நுட்பம் கற்கக் கண்ணைக் கட்டியே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. கோலை இடமும் வலமும் தட்டிக்கொண்டே போகும்போது எந்தக் கால் முன்னே போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கோல் தட்ட வேண்டும். இது வாயால் சொன்னால் வராது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறை, வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில். அமெரிக்காவில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு 1960-ல் பாஸ்டன் கல்லூரியில் ஆரம்பித்துவிட்டது. நம் பி.எட்.டில் இது ஒரு தாளின் ஒரு பகுதி, கூடவே கொஞ்சம் செய்முறை.

கோலின் உயரம் மார்பெலும்பு வரை. வழிகாட்டும்போது நாம் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அவர்கள் நம் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரைக் காலடி பின்னால் வருவார்கள். புத்தகத்தில் நடைபாதை ஓரத்தைத் தட்டிக்கொண்டே போகச் சொல்லியிருக்கும். நம் ஊரில் அந்த ஓரத்தில் திறந்த சாக்கடையும் நிறுத்திவைத்த பைக்கும் படுத்திருக்கும் நாயும். கிராமத்துப் பிள்ளைக்கு நடை பழக்கும்போது பாதி நுட்பத்தை நாமே மாற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

ஜூன் 18

இதுவரை எழுதியதெல்லாம் முற்றிலும் பார்வையில்லாத பிள்ளைகளைப் பற்றி. ஆனால் வேலையில் அதிகம் வருவது குறைபார்வைப் பிள்ளைகள்தான். இதைத் தனியாக எழுதாமல் விட்டால் பாதிப் பொய் சொன்ன மாதிரி.

சட்டப்படி குறைபார்வை என்றால், நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் 6/18-க்குக் குறைவாக (மற்றவர் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில்தான் பார்க்க முடியும்), 3/60 வரை. அதற்கும் கீழே போனால் பார்வையின்மை. பார்வைப் பரப்பு சுருங்கிப்போனாலும் கணக்கில் வரும். டாக்டர் இந்த எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இந்த எண்ணை வைத்துக்கொண்டு வகுப்பில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே எண் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்தால் படிப்பாள், இன்னொருத்திக்கு ஜன்னல்தான் பகை.

அல்பினிசம், அதாவது தோலிலும் கண்ணிலும் நிறமி குறைந்து வெளிச்சத்தில் கண் கூசும் நிலை, உள்ள ஒரு மூன்றாம் வகுப்புப் பெண். வெளிச்சம் வேண்டும் என்று நல்லெண்ணத்தில் ஜன்னல் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கவிழ்ந்துகொண்டு இருப்பாள். "தூங்குமூஞ்சி" என்று பெயர். நான் செய்ததெல்லாம் இடத்தை மாற்றியது, வெயிலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தது, தொப்பி போட அனுமதி வாங்கியது, புத்தகத்தைச் சாய்த்து வைக்க ஒரு மரத்தாங்கி. தொப்பிக்குத்தான் ரொம்பப் போராட வேண்டியிருந்தது, பள்ளிச் சீருடையில் தொப்பி கிடையாதாம்.

மாலையானால் தடுமாறுகிற பையன், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறவன், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயாக இருக்கலாம். அவனுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் கெடுதல், இருக்கிற சின்னப் பரப்புக்குள் ஒரு எழுத்துகூட முழுதாக அடங்காது. குறைபார்வை என்றாலே பெரிய எழுத்து என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

கல்லூரியில் இதற்குச் செயல்பாட்டுப் பார்வை மதிப்பீடு என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளை எங்கே, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த நிறத்தின் மேல் எந்த நிறத்தைப் பார்க்கிறது என்று வகுப்பிலும் மைதானத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் கவனித்து எழுதுவது. செய்முறைப் பதிவேட்டுக்காக ஒரு பிள்ளையை வைத்து ஒப்பேற்றிவிட்டு எல்லோரும் காப்பி அடிப்பார்கள். அதை மட்டும் நேர்மையாகச் செய்யுங்கள்.

இதில் ஒரு கஷ்டமான முடிவும் இருக்கிறது. அச்சா, பிரெய்லா, இரண்டுமா? கொஞ்சம் பார்வை இருக்கும் பிள்ளைக்குப் பிரெய்ல் என்றால் பெற்றோர் அழுவார்கள், "அப்போ முழுசா போயிடுமா?" என்பார்கள். சில பிள்ளைகள் பிரெய்ல் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் புள்ளிகளைப் பார்த்தே படிக்கும், அது தொட்டுப் படிப்பதே இல்லை. இன்னும் பார்வை குறையும் என்று தெரிந்த பிள்ளைக்கு முன்கூட்டியே ஆரம்பிப்பதா என்பது ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டிய கேள்வி. எனக்கு இதில் பொதுவான விதி எதுவும் கிடையாது.

ஜூன் 19

"சிறப்புக் கல்வி எல்லாம் இப்போ வந்த ஃபேஷன்" என்று எழுதியவருக்கு: பார்வையற்றோர் பள்ளி அமிர்தசரஸில் 1887-லேயே வந்துவிட்டது, பாளையங்கோட்டையில் 1890-ல். உங்கள் தாத்தாவுக்கு அப்போது எத்தனை வயது என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஜூன் 26

வேலை. எல்லோரும் இதைத்தான் தனிச்செய்தியில் கேட்கிறீர்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் பொதுப்பள்ளிகளில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து 2022-ல் மத்திய அரசு விகிதத்தை அறிவித்தது: தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர். தாளில் இது பெரிய எண்ணிக்கை. களத்தில் என்னைப் போன்றவர்கள் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறோம். நிரந்தரம் ஆகும், ஆகும் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த நம்பிக்கையில் மட்டும் இந்தப் படிப்புக்கு வராதீர்கள்.

இன்னொரு பாதை, பொதுப்பள்ளியில் சாதாரண ஆசிரியராகப் போவது. என்.சி.டி.இ.யின் 2010 அறிவிப்பில் சிறப்புக் கல்விப் பி.எட்.டும் தகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பணியில் சேர்ந்த பிறகு ஆறு மாதச் சிறப்புப் பயிற்சி முடிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுத வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அறிவிக்கைக்கு அறிவிக்கை வாசகம் மாறும், விண்ணப்பிக்கும்போது வரி வரியாகப் படியுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் "இது பி.எட். இல்லையே, ஸ்பெஷல் பி.எட். ஆச்சே" என்று கேட்கும் எழுத்தர் நிச்சயம் ஒருவர் இருப்பார். அரசாணை நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஜூலை 2

எங்கள் வகுப்பில் பார்வையற்ற மாணவர்களும் இருந்தார்கள். இந்தப் பிரிவில் அது வழக்கம்தான். அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாகவே எழுதுகிறேன்.

பிரெய்ல் வகுப்பில் நாங்கள் திணறும்போது அவர்கள் பின்னால் உட்கார்ந்து சிரிப்பார்கள். ஒருவர், நாங்கள் குத்துகிற சத்தத்தைக் கேட்டே "அந்த அக்கா ரெண்டு புள்ளி விட்டுட்டாங்க" என்பார். சரியாகவும் இருக்கும். ஆனால் கற்பித்தல் செய்முறைக்கு வந்தால் சார்ட் ஒட்டணும், படம் வரையணும், கரும்பலகைக் கையெழுத்துக்கு மதிப்பெண். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்த பார்வையற்ற ஆசிரியருக்குக் கரும்பலகைக் கையெழுத்துக்கு மதிப்பெண்! எங்கள் ஆசிரியர் ஒருவர் அதைப் பேசாமல் பிரெய்ல் எழுத்துக்கான மதிப்பெண்ணாக மாற்றிப் போட்டார். விதியில் இடம் இருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் உண்மையில் அவர்களிடமிருந்துதான் கற்றேன். புத்தகத்தில் இல்லாத சின்னச் சின்ன விஷயங்கள்: நோட்டு மடிக்கும் முறை, மேசையில் பொருள்களை வைக்கும் ஒழுங்கு, பேச ஆரம்பிக்கும்முன் நம் பெயரைச் சொல்வது, கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது. சொல்லாமல் நழுவிவிட்டால் அவர்கள் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்கள். கல்லூரி தேடும்போது வகுப்பில் பார்வையற்ற மாணவர்கள் இருக்கிறார்களா, கற்பிப்பவர்களில் பார்வையற்றவர் யாராவது உண்டா என்று கேளுங்கள்.

ஜூலை 5

வெளிநாட்டிலிருந்து ஒருவர், அங்கே ஒன்பது துறைகள் கொண்ட விரிவுப் பாடத்திட்டம் இருக்கிறது, இங்கே அதெல்லாம் தெரியுமா என்று கேட்கிறார். தெரியும். ஃபில் ஹாட்லன் 1996-ல் எட்டாக வகுத்தது, கடைசித் துறை பிறகு சேர்ந்தது. பிரெய்ல் போன்ற ஈடுசெய் திறன்கள், நடமாட்டம், பழகும் முறை, அன்றாட வாழ்க்கை, பொழுதுபோக்கு, தொழில்நுட்பம், தொழில் அறிமுகம், புலன் பயன்பாடு, தன் முடிவைத் தானே எடுப்பது. நம் ஆர்.சி.ஐ. பாடத்திட்டத்திலும் விரிவுப் பாடத்திட்டத்துக்கென்றே ஒரு தாளில் இடம் இருக்கிறது. தேர்வில் ஒன்பதையும் வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண்.

எழுதிவிட்டு வெளியே வந்தால் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைக்குத் தோசைக்கல் எவ்வளவு சூடு என்று தெரியாது. அம்மா அடுப்படிப் பக்கமே விடவில்லை. தென்னையைப் பற்றிப் பத்து வரி ஒப்பிப்பாள், தேங்காயைத் தொட்டிருக்கிறாள், மரத்தையும் கட்டிப்பிடித்திருக்கிறாள். தேங்காய் மரத்தில் எங்கே இருக்கும் என்று கேட்டேன். தன் தோள் உயரத்தைக் காட்டினாள். பள்ளியில் விழுந்து கிடந்த ஒரு தென்னையை அடியிலிருந்து நுனி வரைக்கும் தடவிக்கொண்டே நடக்க வைத்தோம். பாதி வழியில், "இன்னும் இருக்கா டீச்சர்?" என்றாள். குருத்து வரை போய்ப் பாளையைத் தொட்ட பிறகு, இவ்வளவு உயரத்துக்கு யார் ஏறுவார்கள், எப்படி ஏறுவார்கள் என்று விடாமல் கேள்வி. அன்று அறிவியல் பாடம் நடக்கவில்லை.

ஜூலை 9

திறந்தநிலைப் பல்கலைக்கழகமா, நேரடிக் கல்லூரியா? ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே பார்வையற்ற பிள்ளைகளும் இருந்தால் திறந்தநிலை போதும். உங்களுக்கு நேரடிதான். கோயம்புத்தூர் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம் இருக்கிறது, பெண்களுக்கு அவினாசிலிங்கம். டேராடூனில் பார்வைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனமான என்.ஐ.இ.பி.வி.டி., அதன் மையம் பூந்தமல்லியிலும் உண்டு. இந்த ஆண்டு எங்கே எந்தப் பிரிவு நடக்கிறது என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

நேரில் போனால் முதல்வரிடம் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். பிரெய்ல் அறையைக் காட்டச் சொல்லுங்கள். பெர்க்கின்ஸ் மேல் தூசி இருந்தால் புரிந்துகொள்ளலாம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் ஒரு பிரெய்ல் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். களப்பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், அங்கே உண்மையில் எத்தனை நாள் இருக்கிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள். முதல்வர் சொல்லும் கணக்கு வேறாக இருக்கும்.

ஜூலை 23

இடம் கிடைத்துவிட்டது என்று தம்பி எழுதியிருக்கிறார். சந்தோஷம். வகுப்பு ஆரம்பிக்கும்முன் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்: ஒரு ஸ்லேட், இரண்டு ஸ்டைலஸ். தாள் கடையில் வாங்க வேண்டாம், பழைய மாதக் காலண்டர் தாள் கனமாக இருக்கும், பழகுவதற்கு அது போதும். லேப்டாப்பில் என்.வி.டி.ஏ. போட்டுக்கொண்டு திரையை அணைத்துவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

எம்.எட். சிறப்புக் கல்வியைப் பற்றிக் கேட்டவருக்கு: அதுவும் இரண்டு ஆண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பிக்க நினைத்தால் தேவைப்படும். பிள்ளைகளோடு வேலை பார்க்கத்தான் ஆசை என்றால் பி.எட். முடித்துச் சில வருடம் களத்தில் இருந்துவிட்டு முடிவெடுங்கள். களத்தைப் பார்க்காமல் எம்.எட். முடித்து நேரே கற்பிக்க வந்தவர் ஒருவர்தான் எங்களுக்குப் பிரெய்ல் எடுத்தார். குத்தும் சத்தத்தை வைத்தே தப்பைக் கண்டுபிடித்த அந்தப் பின்பெஞ்சு அண்ணன் அவரைப் படுத்திய பாட்டை இன்னொரு நாள் எழுதுகிறேன்.